லேவியான் பெல்லைப் பார்த்து ஓடப் பழகுபவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் இடத்துக்கு வரும் மாணவர்களில் ஒவ்வொரு ஆண்டும் ஒருவனாவது லேவியான் பெல்லைப் போல ஓட ஆசைப்படுகிறான். அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்லின் 2013ஆம் ஆண்டு வீரர் தேர்வில் 48ஆவது ஆளாக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு வந்த பெல், பந்தை வாங்கியதும் பாய்ந்து ஓடாமல், தனக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன்களின் முதுகை ஒட்டி ஏறத்தாழ நின்றேவிடுவார். வழி திறந்த கணத்தில் விசையோடு கிளம்புவார். 2016 டிசம்பரில், பனி கொட்டிக்கொண்டிருந்த பஃபலோ மைதானத்தில், அவர் 38 முறை ஓடி 236 யார்டுகள் எடுத்தது ஸ்டீலர்ஸ் அணியில் ஒரே ஆட்டத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்சமாகப் பதிவானது. அடுத்த மாதம் பிளே-ஆஃப் ஆட்டங்களில் மயாமிக்கு எதிராக 167 யார்டுகளும், கான்சஸ் சிட்டிக்கு எதிராக 170 யார்டுகளும் எடுத்தார்.

இவற்றின் காணொளிகளைப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வருபவர்கள், என் தலைமுறையில் ஓடியவர்கள் செய்து ஓய்ந்த தவறுகளையே வேறு உருவத்தில் மறுபடியும் செய்கிறார்கள். பந்தை நழுவவிடாதே, நிமிர்ந்து ஓடாதே என்பனவற்றை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தொலைவில் நின்று காத்திருப்பது

இந்த ஒரு தவறுக்கே இக்கட்டுரையில் பாதி இடம் போய்விடும். அதற்குக் காரணம் இருக்கிறது. பிற தவறுகளால் ஓரிரு யார்டுகள் குறையும். இது ஓட்டத்தையே கெடுப்பதோடு, அதைச் செய்பவனுக்குத் தான் சரியாகத்தான் செய்கிறோம் என்ற நம்பிக்கையையும் தருகிறது.

பெல் எதற்காகக் காத்திருந்தார் என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்டீலர்ஸ் அணி அதிகம் பயன்படுத்திய, லைனின் நடுப்பகுதி வழியாக ஓடும் இன்சைட் ஸோன் ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் லைன்மேன்கள் ஐவரும் ஒரே திசையில் முதல் அடியை எடுத்து வைப்பார்கள். எதிரணியின் நடுவில் நிற்கும் கனத்த ஆளை முதலில் இருவர் சேர்ந்து தள்ளுவார்கள்; பெல்லின் காலத்தில் அந்த இருவர் பெரும்பாலும் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் மார்கீஸ் பவுன்சியும், அவருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளான டேவிட் டிகாஸ்ட்ரோ, ரமோன் ஃபாஸ்டர் ஆகியோரில் ஒருவரும். தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய கண்கள், எதிரணியின் இரண்டாம் வரிசையில் நான்கைந்து யார்டுகள் தள்ளி நிற்கும் லைன்பேக்கரின் மேல் இருக்கும். லைன்பேக்கர் எந்தப் பக்கத்து இடைவெளிக்குள் இறங்குகிறாரோ, அந்தப் பக்கத்து லைன்மேன் இரட்டைத் தடுப்பிலிருந்து கழன்று அவரை மறிப்பார். ஆக, எந்த லைன்மேன் கழல்வது என்பதை லைன்பேக்கரின் அசைவு முடிவு செய்கிறது. லைன்பேக்கர் எங்கே அசைவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ரன்னிங் பேக்.

இதைச் செய்ய ஒரே வழி, பந்து வைக்கப்பட்ட கோட்டை நெருங்கிச் செல்வதுதான். ரன்னிங் பேக் ஓர் இடைவெளியை நோக்கி, தன் கார்டின் முதுகைத் தொட்டுவிடும் தூரத்துக்குச் சென்றால், அந்த இடைவெளியை அடைக்காமல் இருக்க லைன்பேக்கரால் முடியாது. அவர் இறங்கினால் மறிக்கப்படுகிறார்; அவர் விட்டுச் சென்ற பக்கம் திறக்கிறது. கபடியில் பாடிச் செல்பவர் நடுக்கோட்டருகே நின்றுகொண்டே மூலையில் இருப்பவரை இழுத்துவிட முடியாது; உள்ளே போய், ஒரு பக்கம் சாய்ந்து காட்டினால்தான் அவர் நகருவார்.

மாணவர்கள் செய்வது என்ன? கோட்டுக்கு நான்கு யார்டுகள் பின்னாலேயே, பந்து கைக்கு வந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் எதிரே உள்ள எல்லா இடைவெளிகளும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் லைன்பேக்கருக்கும் எல்லாம் தெரிகிறது. அவர் அசைய வேண்டிய தேவையே எழவில்லை. அவர் அசையாததால் இரட்டைத் தடுப்பில் இருக்கும் இருவரும் கழல முடியாமல் ஒரே ஆளைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குள், பல அமைப்புகளில் யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே விடப்படும் எதிரணி வரிசையின் மறுபக்க ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட், கோட்டை ஒட்டி ஓடி வந்து பின்னாலிருந்து பிடித்துவிடுகிறார். இரண்டு யார்டு நட்டம். நான்கு முயற்சிகளில் பத்து யார்டு எடுக்க வேண்டிய ஆட்டத்தில், அடுத்த முயற்சிக்கு மீதி பன்னிரண்டு யார்டு.

கடந்த பருவத்தில் ஒரு மாணவன் இப்படியே பிடிபட்டு, பந்தையும் பறிகொடுத்துவிட்டு வந்து, "பெல்லும் இப்படித்தானே நிற்பார், கோச்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. கான்சஸ் சிட்டி ஆட்டத்தின் காணொளியை இருவருமாகப் பார்த்து, அவர் வேகம் குறைக்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி மைதானக் கோடுகளை எண்ணச் சொன்னேன். பெல் ஏற்கெனவே தன் லைன்மேன்களின் குதிகாலருகே போய்ச் சேர்ந்திருந்தார். எங்கே காத்திருக்கிறார் என்பதை அவன் அதுவரை கவனித்ததே இல்லை. காத்திருக்கிறார் என்பதை மட்டுமே பார்த்திருந்தான்.

என்னை இன்னமும் எரிச்சலூட்டுவது அந்த மாணவன் அல்லன். கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட ஒரு கோடை முகாமில், "பந்து வந்ததும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு ஓடு" என்று அவனுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பொறுமை என்பது கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் காரியமா? ஒரு ஓட்டத்தில் லைன்பேக்கர் உடனே இறங்கிவிடுவார்; அப்போது அரை நொடி தாமதித்தாலும் வழி மூடிவிடும். இன்னொன்றில் அவர் தயங்குவார். அப்போது இன்னும் ஓர் அடி முன்னே வைத்து அவரை வற்புறுத்த வேண்டும். எண்ணி ஓடக் கற்றவனுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும். அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க ஒரு பருவத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. அந்தக் காலத்தில் அவன் பந்தோடு ஓடுவதைவிட ஓரத்தில் உட்கார்ந்திருப்பதே அதிகம்.

நான் செய்துபார்த்ததில் பலன் தந்த பயிற்சி எளிமையானது. சென்டரும் கார்டும் சேர்ந்து ஒருவரைத் தள்ள, பின்னால் ஒரே ஒரு லைன்பேக்கரை நிறுத்த வேண்டும். கார்டின் குதிகாலுக்கு ஒரு யார்டு பின்னால் ஒரு கூம்பை வைக்க வேண்டும். கூம்பை எட்டும் முன் திசை மாற்றினால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. கூம்பை எட்டிய பின் லைன்பேக்கரின் இரண்டாவது காலடி எந்தப் பக்கம் விழுந்ததோ, அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். லைன்பேக்கராக நிற்பவரிடம் மட்டும், சில முறை வேண்டுமென்றே அசையாமல் நிற்கும்படி ரகசியமாகச் சொல்லி வைக்க வேண்டும். அவர் வராவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை, நேரே போகலாம் என்பதை மாணவர்கள் அப்போதுதான் உணர்கிறார்கள்.

கால்களை நிறுத்திவிடுவது

வேகத்தைக் குறைக்கும்போதும் இடுப்புக்கு நேர் கீழே சிற்றடிகள் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நின்ற காலைக் கிளப்ப ஆகும் நேரத்தில் வழி மூடிவிடும்.

தோளைத் திருப்புவது

வழி தேடும்போது உடல் தானாகவே ஓரக்கோட்டின் பக்கம் திரும்பும். பெல்லின் தோள்கள் பெரும்பாலும் எதிரணியின் கோல் கோட்டுக்கு இணையாகவே இருந்தன. அதனால் இடமா வலமா என்பது கடைசிக் கணம் வரை எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தோளைத் திருப்பியவனுக்குப் போவதற்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சும். லைன்பேக்கரும் அதை அறிந்து நிதானமாக அங்கே போய் நிற்பார்.

40 யார்டு ஓட்ட நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவது

தேர்வுக்கு முந்தைய சோதனையில் பெல்லின் நேரம் 4.60 விநாடி; ரன்னிங் பேக்குக்கு அது பிரமாதமான நேரமல்ல.

எல்லா ஓட்டங்களிலும் பொறுமை காட்டுவது

இன்சைட் ஸோனுக்குப் பொருந்துவது அவுட்சைட் ஸோனுக்குப் பொருந்தாது. 1998இல் டென்வர் அணிக்காக 2,008 யார்டுகள் ஓடிய டெரல் டேவிஸ், ஓரத்தை நோக்கி ஓடி, ஒரு முறை காலூன்றித் திரும்பி, பிறகு தயங்காமல் மேலேறும் முறையில் ஓடியவர். லைன்மேன்கள் எல்லோரும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த அமைப்பில் இரண்டாவது முறை யோசிக்க இடமில்லை. யோசித்தால் பின்னால் துரத்தி வருபவர் எட்டிவிடுவார். பவர் ஓட்டத்தில் ஒரு கார்டு தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடி வந்து வழிகாட்டுவார். அவர் முன்னே கடந்து செல்லும் வரை காத்திருப்பது மட்டுமே அங்கே தேவையான பொறுமை, அதற்கு மேல் அவரது முதுகை விடாமல் பின்தொடர வேண்டும். ஒரே ஒரு யார்டு தேவைப்படும் மூன்றாவது முயற்சியில் எந்தப் பொறுமையும் வேண்டாம்.

தன் லைன்மேன்களை அறியாமல் ஓடுவது

பெல்லின் சிறந்த ஆண்டுகளில், தாமே லைன்மேனாக ஆடி, தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற மைக் மன்சாக், 2014 முதல் ஸ்டீலர்ஸ் லைனுக்குப் பயிற்சி அளித்தார். பவுன்சியும் டிகாஸ்ட்ரோவும் ஃபாஸ்டரும் தடுப்பை நீண்ட நேரம் தாங்கியதால்தான் பெல்லுக்குக் காத்திருக்கும் வசதி கிடைத்தது. ஒப்பந்தத் தகராறால் 2018 பருவம் முழுவதும் ஆடாமல் இருந்த அவர், 2019இல் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போய் 245 ஓட்டங்களில் 789 யார்டுகளே எடுத்தார்; சராசரி 3.2. ஓராண்டு ஆடாததும் இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றாலும், ஜெட்ஸ் லைனின் பின்னால் அவர் காத்திருந்தபோது எதிரணியினர் அவருக்கு முன்பே வந்து சேர்ந்ததைப் பல ஆட்டங்களில் பார்க்க முடிந்தது. அவர் இல்லாத 2018இல், ஏறத்தாழ அதே ஸ்டீலர்ஸ் லைனுக்குப் பின்னால், அவரைவிட நேராக இடித்து ஓடும் ஜேம்ஸ் கானர் 13 ஆட்டங்களில் 973 யார்டுகள், ஓட்டத்துக்கு 4.5 என்ற சராசரியில் எடுத்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பள்ளி அணிகளில் லைன் ஆண்டுதோறும் மாறும். சென்ற ஆண்டு நன்றாகத் தாங்கிய கார்டு படித்து முடித்துப் போயிருப்பான். அவன் இடத்தில் இரண்டு வாரங்களுக்கு முன் வேறு இடத்திலிருந்து மாற்றப்பட்ட ஒருவன் இருப்பான். அவனிடமே போய், "உன் ஆளை எந்தப் பக்கம் தள்ளுவது உனக்குச் சுலபம்?" என்று கேட்கும் ரன்னிங் பேக்கை நான் அரிதாகவே பார்க்கிறேன். பயிற்சியின்போது சென்டருக்குப் பின்னால் நின்று இரட்டைத் தடுப்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைச் சில நாட்கள் பார்த்த பிறகே, கூம்பை எவ்வளவு முன்னே தள்ளி வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தடுப்பு உடனே உடையும் அணியில் கூம்பே வேண்டாம்.