தோசைக்குள் ஒளிந்த சாளை

போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். மூன்று வயது மகனுக்குப் புட்டும் பழமும் பிசைந்துகொண்டிருந்தவள், அவித்த முட்டையின் மஞ்சள்கருவை நசுக்கி அதற்குள் மூடினாள். "அவனுக்குத் தெரியவே தெரியாதுக்கா" என்று கண்ணைச் சிமிட்டினாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வருடத்துக்கு முன் நானும் இதே சிரிப்போடுதான் அடுப்படியில் நின்றேன்.

தின்ன அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஊட்டும்போது செய்யக்கூடாதவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். செல்போன் காட்டி ஊட்டாதே, சாப்பாட்டுக்கு முன் பிஸ்கட் கொடுக்காதே என்பதெல்லாம் ஊரே சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

ஒளித்து வைத்து ஊட்டுவது

என் மூத்தவன் அப்போது தின்றது இரண்டே: தோசை, மட்டிப்பழம் என்கிற எங்கள் ஊர் வாழைப்பழம். சாளை மீன் குழம்பு கொதித்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு திண்ணைக்கு ஓடுவான். நான் பொரித்த சாளையை முள் எடுத்து, உதிர்த்து, மாவில் கலந்து, நெய் விட்டு முறுகலாகச் சுட்டேன். முதல் நாள் தின்றான். மறுநாளும் தின்றான். மாமியாருக்குப் போன் போட்டுப் பெருமை வேறு. மூன்றாம் நாள் நாக்கில் ஒரு முள் தட்டியது. துப்பினான். தோசையைப் பிய்த்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

நான்கு மாதம் தோசையைத் தொடவில்லை. மீன் தின்ன வைக்கப் போய் இருந்த தோசையும் போயிற்று. மட்டிப்பழத்தைக்கூட இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அன்று அவனிடம் நற்சான்று வாங்க முடியவில்லை. முள் தொண்டையில் மாட்டியிருந்தால் என்று நினைத்தால் இன்றும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு மிரள்வது இயல்பு. அந்த வயதில் தெரிந்த உணவுதான் பிள்ளைக்குப் பிடிமானம். அதற்குள்ளேயே தெரியாததைப் புதைத்தால் எதை நம்பி வாயைத் திறப்பான்? மேலும், ஒளித்த மீனைத் தின்றவன் மீனுக்குப் பழகவில்லை. பார்த்து, மோந்து, தொட்டு, துப்பி, பத்துப் பதினைந்து தடவைக்கு அப்புறம்தான் பல பிள்ளைகளுக்கு ஒரு ருசி பழகும். கீரையை மாவில் அரைப்பது தப்பில்லை. "இது முருங்கைக்கீரை தோசை" என்று சொல்லிச் சுடுங்கள்.

தோசையை மீட்க, மாவை அவன் கையாலேயே ஊற்றவிட்டேன். தட்டின் ஓரத்தில் விரல்நுனி அளவு மீன் வைப்பேன், ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். மிஞ்சினால் பூனைக்கு. பூனை நன்றாகவே கொழுத்தது.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். முட்டையில் முள் இல்லையே என்றாள்.

பாலால் வயிற்றை நிரப்புவது

"ஒண்ணும் தின்னல, பாலாவது குடிக்கட்டும்." நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சோற்றுக்குப் பசியும் இருக்காது, உடம்பில் இரும்புச்சத்தும் குறையும்.

லஞ்சம்

மீன் தின்றால் ஏத்தங்காய் சிப்ஸ் என்றால், மீன் ஒரு தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். 1984இல் லீன் பர்ச் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் சோதித்தார்கள்: கெஃபிர் என்ற புளித்த பாலைக் குடிக்கப் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு, பிறகு அதன்மேல் விருப்பம் குறைந்தது.

எடை இறங்கினாலும், விழுங்கத் திணறினாலும் வீட்டு வைத்தியம்

நேரே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

அவன் காதுபட "இவன் மீனே தின்ன மாட்டேங்கான்" என்பது

வேண்டாம். மாமியாரிடமும்.