கணக்குப் பார்க்கும் விசுவாசம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம்தான். காலையில் ஆராதனை, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி, பாட்டுக் குழு ஒத்திகை, அப்புறம் டியூஷன். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபைக்குப் போகிறவர்களானாலும், 1888இல் கட்டிய ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர்களானாலும் இது பழகிய கதை. இதற்கு நடுவில் விசுவாசம் எப்போது வெறும் கடமையானது என்றே பலருக்குத் தெரிவதில்லை.

பெரிய தவறு, கடவுளோடு கணக்குப் பார்ப்பது. லூக்கா 15ஆம் அதிகாரத்தைக் கெட்ட குமாரன் கதை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்க, வீட்டிலேயே இருந்த மூத்த மகன் கோபப்பட்டு உள்ளே வர மறுக்கிற கதை அது. தவறாமல் சபைக்கு வருகிற நாம் அந்த மூத்த மகனுக்குத்தான் அதிகம் நெருக்கம். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தொடங்கி, ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்கிறான். சொந்த வீட்டில் இருந்துகொண்டே கூலிக்காரனைப் போலப் பேசுகிறான். தகப்பனோ வெளியே வந்து, "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். அவன் உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, தசமபாகமாக ஒழுங்காகக் கொடுத்தேனே, ஏன் வேலை போனது? உபவாசம் இருந்தேனே, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் மகனுக்கு ஏன் இந்த மதிப்பெண்? வேதனையில் கடவுளிடம் கேள்வி கேட்பது தப்பில்லை, சங்கீதங்கள் முழுக்க அதுதானே இருக்கிறது. ஆனால் "கொடுத்தேனே, இருந்தேனே" என்ற சொற்கள் முன்னால் வந்து நிற்கும்போது நாமும் மூத்த மகனின் இடத்தில்தான் நிற்கிறோம்.

சரி, அன்பு வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருப்பது இதற்கு எதிர்ப்பக்கத் தவறு. இரவு ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவர், பேச ஒன்றுமில்லாத நாளிலும் ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போடுகிறார். அதைக் கடமை என்று யாரும் சொல்வதில்லை. வறண்ட ஜெபமும் அப்படித்தான். "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று இயேசுவே சொல்கிறார் (கற்பனைகள் என்றால் இங்கே கட்டளைகள்). ஒழுங்கும் அன்பும் அவருக்கு எதிரெதிர் விஷயங்கள் இல்லை.

பிள்ளைகளிடம் "இயேசப்பா அடிப்பார்" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போகும் வயதில் மகனை யாரும் கையைப் பிடித்து ஆலயத்துக்கு இழுத்துப் போக முடியாது. பயத்தால் வந்தவனுக்கு அப்போது வர ஒரு காரணமும் இருக்காது.

இன்னொன்று, அன்பையே புதிய கடமையாக்குவது. "இன்று முதல் அதிகமாக நேசிப்பேன்" என்று தீர்மானம் எடுத்து, நடக்காதபோது குற்ற உணர்வில் வாடுகிறவர்கள் உண்டு. "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்று யோவான் எழுதுகிறார் (1 யோவான் 4:19). முந்தி நடந்ததை முதலில் நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் எதுவும் கேட்காமல், நன்றி மட்டும் சொல்லி ஜெபத்தை முடியுங்கள்.

இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலைகளைத் தனியாகச் செய்து சலித்துக்கொண்ட மார்த்தாளைப் போலச் சலிப்போடு சபை வேலை செய்கிறவர்கள் போதகரிடம் மனம்விட்டுப் பேசி, ஒரு பொறுப்பைச் சில மாதம் இறக்கி வைக்கலாம். அந்த ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் ஓடாமல், கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்த தம்பியிடம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சாப்பிடவில்லை என்றால் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா உணவுக்கடைகளுக்குக் கூட்டிப் போங்கள்.