வீட்டுப் பெண் பெரியவளானதும்: மஞ்சள் நீராட்டை முறையாகச் செய்யும் விதம்

பெண் பெரியவளாகிவிட்டாள் என்று தெரிந்த உடனே பெரும்பாலான வீடுகளில் முதலில் எடுக்கப்படுவது கைப்பேசிதான். தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும், அத்தைக்குச் சொல்ல வேண்டும், பஞ்சாங்கம் பார்க்க வேண்டும் என்ற பரபரப்பில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்தை அவளுக்கே கொடுங்கள். அணையாடையை (சானிட்டரி நாப்கினை) எப்படி வைப்பது, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் மாற்றுவது, பள்ளியில் கறை பட்டுவிட்டால் யாரிடம் சொல்வது என்பதைத் தாயோ சித்தியோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதவிலக்கு தேதி தவறி வருவது இயல்பு என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், அடுத்த மாதம் வராதபோது அவள் பயப்பட மாட்டாள். எட்டு வயது நிறைவதற்கு முன்பே பூப்பு வந்துவிட்டால், சடங்குப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த வேலை, சடங்கு வேண்டுமா, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அவளிடமே கேட்பது. இதைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெளிவான பதில் இருக்கும். மஞ்சள் நீராட்டு, பூப்புனித நீராட்டு என்று அழைப்பிதழில் அச்சிட்டாலும், பேச்சு வழக்கில் தென்மாவட்டங்களில் இது ‘சடங்கு’, கொங்குப் பகுதியில் ‘திரட்டி’, ஈழத்தில் ‘சாமத்திய வீடு’. பெயர் மாறுவதைப் போலவே முறையும் ஊருக்கு ஊர் மாறும். இங்கே நான் சொல்வது மதுரைக்குத் தெற்கே எங்கள் பக்கத்து வீடுகளில் நடப்பது. உங்கள் வீட்டு மூத்த பெண்கள் வேறு விதமாகச் சொன்னால் அவர்கள் சொல்வதையே பின்பற்றுங்கள்.

செய்தியை முறைப்படி முதலில் பெற வேண்டியவர் தாய்மாமன். அவருக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் அந்த வருத்தம் பத்து வருடத்துக்கு ஆறாது. அன்றே அத்தையோ, மாமன் மனைவியோ வந்து பெண்ணைப் பலகையில் கிழக்கு முகமாக உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இது முதல் தண்ணீர். ஊரைக் கூட்டிச் செய்யும் இரண்டாம் தண்ணீர் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை நாளிலோ பதினாறாம் நாளிலோ நடக்கும். விடுமுறைக்காக மாதக்கணக்கில் தள்ளிவைப்பதும் இப்போது இயல்பாகிவிட்டது.

இடைப்பட்ட நாட்களில் பெண்ணைத் தனியே வைப்பதும், தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டுவதும் பழைய முறை. இந்த இடத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவில், பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காடு கிராமத்தில், பூப்பெய்தியதற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து இறந்துபோனாள். குடிசை வேண்டும் என்று மாமன் ஆசைப்பட்டால், கூடத்தின் ஒரு மூலையில் நான்கு தென்னங்கீற்றுகளைச் சாய்த்து, வேப்பிலையும் மாவிலையும் செருகி, சடங்கன்று அரை மணி நேரம் அவளை அதில் உட்கார வைத்தால் முறை நிறைவேறிவிடும். இரவில் அவள் தன் படுக்கையில் தூங்கட்டும். தனித் தட்டு, தனித் தம்ளர் என்பதையும் விட்டுவிடலாம். ஓய்வு கொடுப்பதற்கும் ஒதுக்கிவைப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த வயதில் அவளுக்கு நன்றாகவே புரியும்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பழையவர்கள் சொன்னதைக் கைவிடாதீர்கள். உளுந்தங்களியைக் கிண்டும் பக்குவம் இது. தோலுடன் கூடிய கறுப்பு உளுந்து ஒரு கப், பச்சரிசி கால் கப் எடுத்து, வெறும் சட்டியில் வாசம் வரும் வரை சிறுதீயில் வறுத்து, ஆறவிட்டு, மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கப் தட்டிய கருப்பட்டியை மூன்று கப் தண்ணீரில் கரைத்துக் கட்டாயமாக வடிகட்ட வேண்டும். கருப்பட்டியில் மணல் இருக்கும், ஒரு கடியில் மணல் பட்டால் பிள்ளை அடுத்த வாய் வாங்க மாட்டாள். கரைசல் கொதித்ததும் தீயைக் குறைத்து, தனியே சிறிது தண்ணீரில் கரைத்துவைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். நல்லெண்ணெயைக் கால் கப் அளவுக்குச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே வர, களி சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும். ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தவுடன் இறக்கி, உருண்டையாக்கி, நடுவில் குழித்து அதில் நல்லெண்ணெய் ஊற்றிச் சூடாகக் கொடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றும் பழக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டு, நாட்டுக்கோழி முட்டையை அவித்துக் கொடுங்கள்; பச்சை முட்டையால் வயிற்றுப்போக்கு வந்தால் தெம்புக்குக் கொடுத்தது வீண்.

நாள் குறிக்கும்போது ஆடியையும் மார்கழியையும் பெரியவர்கள் தவிர்ப்பார்கள்; நீங்கள் தேர்வு அட்டவணையையும் சேர்த்துப் பாருங்கள். பூப்பெய்திய நேரத்தை எழுதிவைத்து ருது ஜாதகம் கணிக்கும் குடும்பங்கள் உண்டு. கணிப்பதென்றால் கணித்துக்கொள்ளுங்கள், நட்சத்திரம் சரியில்லை, மாமனுக்கு ஆகாது என்பது போன்ற பேச்சு மட்டும் பெண்ணின் காதில் விழக் கூடாது. அதற்காக அவள் ஏதோ செய்துவிட்டவளைப் போலக் குற்ற உணர்வோடு திரிவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சடங்கன்று காலையில் பித்தளைக் குடத்திலோ அண்டாவிலோ வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அதில் மஞ்சள், வேப்பிலை, பூக்கள் இடுவார்கள். மஞ்சளைப் பூசு மஞ்சள் கிழங்காகவே வாங்கிக் கல்லில் உரைத்துக்கொள்வது நல்லது. சாயம் கலந்த பொடி, பிஞ்சு முகத்தில் அரிப்பை உண்டாக்கி, மாலைப் புகைப்படத்தில் கன்னம் தடித்துத் தெரியும். ஐந்து அல்லது ஏழு பெண்கள் முறை வைத்து ஊற்றுவார்கள். சில வீடுகளில் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து அதன் வழியே ஊற்றுவதால் தண்ணீர் மழைபோலச் சிதறி விழும். இதைக் கட்டாயம் மறைவான இடத்தில், பெண்கள் மட்டும் இருக்க நடத்துங்கள். படம்பிடிப்பவர் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி முடிவதற்குள் மாமன் சீர் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், பூ, மஞ்சள் குங்குமம், கண்ணாடி வளையல், வெல்லம், பட்டுச் சேலை என்று தட்டுகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரும். மேளம் வைப்பதும் வைக்காததும் அவர் விருப்பம். மாமன் கொடுத்த சேலையைத்தான் பெண் முதன்முதலாக உடுத்த வேண்டும் என்பதால், இரண்டு நாள் முன்பே ரவிக்கை தைத்து அளவு பார்த்துவிடுங்கள். எங்கள் அக்கா மகளுக்குச் சேலை மட்டும் வந்து ரவிக்கைத் துணி தையற்காரரிடமே தங்கிவிட்டது. கடைசியில் சித்தியின் ரவிக்கையைப் பத்து ஊக்கு குத்தி மாட்டிவிட்டோம், அவள் மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தாள்.

மாலையிட்டு மணையில் அமர வைத்தபின் நலங்கு. ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, பன்னீர் தெளித்து, அட்சதை போடுவார்கள். பிட்டு, அடை போன்ற பலகாரத் தட்டுகளைத் தலையைச் சுற்றி எடுப்பதும் அப்போதுதான். யார் முதலில் என்பதில்தான் சண்டை வரும் என்பதால், வரிசையை முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி, குரல் உள்ள அத்தை ஒருவரிடம் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள். சுமங்கலிகள் மட்டுமே செய்ய வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டுச் சடங்கில், பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்த பாட்டி, கணவரை இழந்தவர் என்பதற்காக, அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் மணையிலிருந்து எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் கன்னத்தில் சந்தனம் வைக்கச் சொன்னாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்கள் தாளில் பாட்டியின் பெயரை முதலில் எழுதிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எழுந்து போகும் வேலை இருக்காது.

நிறைவாக ஆலம் (ஆரத்தி) சுற்ற வேண்டும். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைச் சிட்டிகை அளவு சேர்த்ததும் நிறம் சிவப்பாக மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தோடு சேரும்போது இப்படி நிறம் மாறுகிறது. பக்கத்தில் நிற்கும் சிறு பிள்ளைகளுக்குக் கலந்து காட்டுங்கள், மேளத்தைவிட இதை ஆர்வமாகப் பார்ப்பார்கள். சுற்றிய ஆலத்தை வாசலுக்கு வெளியே, யாரும் வழுக்காத ஓரத்தில் ஊற்றுங்கள்.

செலவைப் பற்றி இரண்டு வார்த்தை. கேரளத்தில் திரண்டுகுளி என்ற பெயரில் இதே சடங்கைக் கடன்பட்டு நடத்திய குடும்பங்களைக் கண்டுதான் அங்கிருந்த சமூகச் சீர்திருத்தவாதி நாராயண குரு அதைக் கைவிடச் சொன்னார். மாமன் வட்டிக்கு வாங்கிச் சீர் செய்யும் நிலை தெரிந்தால், பெண்ணின் தாயே அண்ணனைத் தனியே அழைத்து, சேலையும் பூவும் போதும் என்று சொல்லிவிடலாம். அவர் தானாகக் கேட்க மாட்டார். மொய் வாங்குவது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால், வாங்குவதென்றால் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். பெண்ணின் படத்தோடு தெருமுனையில் பதாகை வைப்பதைத் தவிருங்கள். திங்கட்கிழமை அதே தெரு வழியாகத்தான் அவள் பள்ளிக்குப் போக வேண்டும்.

வீட்டில் அவளுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பங்களில் பலருக்குக் காதுகுத்தோடு பையனின் சடங்கு முடிந்துவிடுகிறது. உபநயனம் செய்யும் குடும்பங்கள், கார்த்திகையில் பையன்களுக்குச் சூப்பிடி என்ற சடங்கை நடத்தும் நகரத்தார், மார்க்கக் கல்யாணம் எனப்படும் சுன்னத்து நடத்தும் முஸ்லிம்கள், புதுநன்மை, உறுதிபூசுதல் ஆகிய தேவாலயச் சடங்குகளுக்கு ஆண் பெண் இருபாலரையும் அனுப்பும் கத்தோலிக்கர் என்று சிலரிடமே வேறு முறை உண்டு. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பெண்ணுக்குத் தாவணி போடும் விழாவைப் போலவே பையனுக்குப் பஞ்சகச்சம் கட்டும் விழாவும் நடத்துவார்கள், பல வீடுகளில் இரண்டையும் ஒரே மேடையில். நாமும் அதே நாளில் மாமன் கையால் பையனுக்கு ஒரு நாலு முழ வேட்டியைக் கட்டிவிடச் செய்யலாம். கட்டிவிடும்போதே, கூடப்பிறந்தவளுக்கு உடம்பு முடியாத நாட்களில் கடைக்குப் போய் அணையாடை வாங்கி வருவது அவன் வேலையும்தான் என்று மாமன் சொன்னால், அப்பா சொல்வதைவிட நன்றாக ஏறும்.

மறுநாள் ஓலைகளைப் பிரித்து அப்புறப்படுத்துங்கள். எரிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் வெட்டவெளியில், காற்றில்லாத நேரத்தில் செய்யுங்கள். மஞ்சள் பட்ட துணிகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே அலசி, நல்ல வெயிலில் உலர்த்தினால் கறை மங்கும். மாமன் வீட்டுத் தட்டுகளைத் துடைத்து எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சீனியோ வைத்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது.