நிலப்பயன்பாட்டு மாற்ற அறிவிப்பைப் படித்து ஆட்சேபணை எழுதுவது எப்படி?

செய்தித்தாளின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கும் நடுவே, சில வரிகளில் ஓர் அறிவிப்பு வந்திருக்கும். இன்ன மாவட்டம், இன்ன வட்டம், இன்ன கிராமத்தில், இன்ன புல எண்ணில் உள்ள நிலத்தை விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கோரி விண்ணப்பம் வந்துள்ளது என்றும், ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருக்கும். அந்த நிலத்தின் பக்கத்து வயலில் பயிர் செய்பவர்கூடப் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை. பொக்லைன் வந்து வரப்பை உடைக்கும்போதுதான் ஊருக்குச் செய்தி தெரிகிறது. அதற்குள் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டு, அரசிதழிலும் வந்து முடிந்திருக்கும்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, அதில் ஒரு சாதாரணக் குடிமகன் எங்கே, எப்போது, எதைச் சொன்னால் அது எடுபடும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே விளக்குகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காகிதங்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

படி 1: பட்டா வேறு, திட்ட வரைபடம் வேறு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. பட்டா, சிட்டா, அ பதிவேடு ஆகியவை வருவாய்த் துறையின் ஆவணங்கள். நிலம் யார் பெயரில் உள்ளது, நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்பதை அவை சொல்கின்றன. அந்த நிலத்தில் என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் முழுமைத் திட்டமும், சில பகுதிகளுக்கு மட்டும் தனியாக வகுக்கப்படும் விரிவான வளர்ச்சித் திட்டமும்தான். ஒரு நிலம் பட்டாவில் புஞ்சை என்று இருந்தாலும் முழுமைத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதியாக இருக்கலாம். பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் நிலம் திட்டத்தில் இன்னும் விவசாயப் பகுதியாகவே இருக்கலாம். நாம் பேசப்போகும் மாற்றம் இந்தத் திட்ட வரைபடத்தில் நடக்கும் மாற்றம்.

படி 2: உங்கள் ஊருக்கு முடிவெடுப்பவர் யார் என்று அறியுங்கள்

சென்னையும் அதைச் சுற்றிய பகுதியும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் வருகின்றன. மற்ற ஊர்களில் உள்ளூர் திட்டக் குழுமமோ, புதுநகர் வளர்ச்சிக் குழுமமோ, அண்மையில் அமைக்கப்பட்ட நகர்ப்புற வளர்ச்சிக் குழுமமோ இருக்கும். அவற்றுக்கு மேலே நகர் ஊரமைப்பு இயக்ககம் உள்ளது. முழுமைத் திட்டமே இல்லாத கிராமங்களுக்கு இதே சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. அங்கே விவசாய நிலத்தை வேறு பயனுக்குக் கொண்டுவரும்போது வேளாண் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் கருத்து முக்கியமாகிறது.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2026 அதன் இலக்கு ஆண்டு. அது வகுக்கப்பட்டபோது பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022இல் அந்த எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஆகவே இன்று பெருநகர் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கிராமங்களுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் வரைபடம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

படி 3: அறிவிப்பில் உள்ள புல எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அறிவிப்பில் "புல எண் 112/3ஆ, பரப்பு 1.21.50 ஹெக்டேர்" என்று இருக்கிறது. 112 என்பது புலத்தின் எண், 3ஆ என்பது அதன் உட்பிரிவு. பரப்பின் முதல் எண் ஹெக்டேர், அடுத்தவை ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆகவே இந்த நிலம் 12,150 சதுர மீட்டர்; நம் பேச்சு வழக்கில் ஏறத்தாழ 3 ஏக்கர். இந்தக் கணக்கு பின்னால் உதவும் என்பதால் இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தமிழக அரசின் இணைய சேவைத் தளத்தில் அந்தப் புல எண்ணுக்கு அ பதிவேட்டு விவரத்தையும் புலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்பட வரைபடத்தையும் எடுங்கள். உட்பிரிவு எண்களில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஒருவருடைய நிலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருப்போம் என்பதால் இருமுறை சரிபார்ப்பது நல்லது. அந்த ஒரு புலத்தோடு நிற்காமல், அதைச் சுற்றியுள்ள எல்லாப் புலங்களுக்கும் அ பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வடக்கே உள்ள புலம் "வாய்க்கால்" என்றோ, கிழக்கே உள்ளது "ஏரி" என்றோ, தெற்கே ஒரு கீற்றுப் போலக் கிடக்கும் உட்பிரிவு "வண்டிப்பாதை" என்றோ இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்சேபணையின் எலும்புக்கூடு பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் புலங்களில்தான் இருக்கும்.

படி 4: திட்டத்தில் அந்த இடம் என்னவென்று பாருங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்து நிலப்பயன்பாட்டைப் பார்க்க முடியும். ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம், நகர்ப்புறமல்லாதது என்று வகைகள் இருக்கும். வகையோடு கூடவே, அந்த இடம் சிறப்புக் கட்டுப்பாடு உள்ள பகுதிக்குள் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரமாக உள்ள நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் பகுதி, பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஆகியவற்றுக்கு இரண்டாம் முழுமைத் திட்டத்திலேயே தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் சாசனத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

மற்ற ஊர்களில் இவ்வளவு வசதி இல்லாமல் இருக்கலாம். அப்போது திட்டக் குழும அலுவலகத்துக்கு நேரில் சென்று முழுமைத் திட்ட வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள். அது பொது ஆவணம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

படி 5: நேரில் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். எனக்கோ எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்று தோன்றுகிறது. வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊரின் வயதான விவசாயி ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகும், ஏரியின் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் எந்தப் புலங்கள் மூழ்கும், மதகுத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாகக் கடைமடைக்குப் போகிறது என்று அவரிடம் கேட்டு, வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது ஊரில் யாருக்காவது நினைவிருக்கும். சுவரில் கறையாகவும் இருக்கலாம். தேதியோடு படம் எடுங்கள். நிலத்துக்குப் போகும் சாலையின் அகலத்தை ஒரே இடத்தில் அளக்காமல், மிகக் குறுகலான இடத்தில் நாடாவைப் பிடித்து அளந்து எழுதுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகளில் கால்வாய் என்று இருந்தது, பிந்தைய பதிவேட்டில் காணாமல் போன இடங்கள் உண்டு. களத்தில் கால்வாய்த் தடம் தெரிந்து, இன்றைய பதிவேட்டில் அது இல்லையென்றால், வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்கத் தாமதமாகும் என்பதால் முதல் நாளிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

படி 6: ஆட்சேபணையை எழுதுங்கள்

அமெரிக்க நகரங்களில் திட்டக் குழு பொதுக் கூட்டம் கூட்டி, அக்கம்பக்கத்தார் எழுந்து பேசுவதைக் கேட்டபின் வாக்களிப்பதுண்டு. தனி நிலமொன்றின் பயன்பாட்டை மாற்றும் நம் ஊர் விண்ணப்பங்களில் பொதுவாக அப்படி ஒரு கூட்டம் கிடையாது. நீங்கள் அனுப்பும் கடிதமே உங்கள் குரல். குழுமத்தின் தொழில்நுட்பக் குழு அதைப் படிக்கும்போது நீங்கள் அருகில் நின்று விளக்கம் சொல்ல முடியாது என்பதை மனத்தில் வைத்து எழுத வேண்டும்.

நான் பார்த்த கடிதங்களில் பல, "எங்கள் பகுதியின் அமைதி கெடும்", "விவசாயம் அழியும்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அந்த வருத்தம் உண்மையானது, நியாயமானதும்கூட. ஆனால் கோப்பைக் கையாளும் அலுவலருக்கு அதில் சரிபார்க்க ஒன்றும் இருப்பதில்லை. "ஆட்சேபணை பொதுப்படையானது" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியும். அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

"மேற்படி புல எண் 112/3ஆ-வின் வடக்கு எல்லையை ஒட்டிய புல எண் 111, அ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என உள்ளது. இவ்வாய்க்கால் ஏரியின் தெற்கு மதகிலிருந்து புல எண்கள் 118 முதல் 124 வரையிலான நஞ்சை நிலங்களுக்குப் பாசன நீர் கொண்டுசெல்கிறது. மேற்படி நிலம் மண் கொட்டி உயர்த்தப்பட்டால், மழைக்கால உபரிநீர் இந்நிலங்களில் தேங்கும். அ பதிவேட்டு நகல், புலப்பட வரைபடம், கடந்த பருவமழையில் எடுத்த படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. நீர்வளத் துறையின் கருத்தைப் பெற்று, நேரில் ஆய்வு செய்த பின்னரே முடிவெடுக்குமாறு வேண்டுகிறேன்."

இந்தக் கடிதத்தை ஒரே வரியில் தள்ள முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்தாக வேண்டும். கடைசியில் வைத்திருக்கும் வேண்டுகோளையும் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு மேலும், முழுவதும் மறுக்கும்படி கேட்பதோடு, மறுக்காவிட்டால் என்ன நிபந்தனை வேண்டும் என்பதையும் கேட்டு வைப்பது நல்லது. கால்வாயை ஒட்டி இடம் விடுவது, சிறுபாலம் அமைப்பது, தெற்கிலுள்ள வண்டிப்பாதையை அடைக்காமல் இருப்பது போன்றவை அப்படிக் கேட்கத் தகுந்தவை.

பலர் கையெழுத்திட்ட ஒரே மனுவைவிட, ஒவ்வொருவரும் தம் நிலத்துக்கு நேரும் பாதிப்பைத் தனித்தனியாக எழுதுவது வலுவானது என்பது என் கருத்து. ஊராட்சி மன்றத்தின் தீர்மானம் இருந்தால் அதையும் இணைக்கலாம். பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அறிவிப்பில் குறித்த நாள் தாண்டினால் நல்ல கடிதமும் வீணாகிவிடும்.

படி 7: கோப்பைத் தொடருங்கள்

களஆய்வு, தொழில்நுட்பக் குழுவின் பரிசீலனை, குழுமக் கூட்டத்தின் முடிவு, தேவையான இடத்தில் அரசின் ஒப்புதல் என்று கோப்பு நகரும். மாற்றம் ஏற்கப்பட்டால் அது அரசிதழில் வெளியாகும். இடையில் என்ன நடந்தது என்பதை அறிய, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "என் ஆட்சேபணை என்ன ஆயிற்று" என்று கேட்காமல், களஆய்வு அறிக்கையின் நகல், பிற துறைகளிடம் பெற்ற கருத்துகளின் நகல், ஆட்சேபணைகள் பற்றிய குறிப்புரையின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யும் வழி உண்டு. நீர்நிலை பாதிக்கப்படுகிறது என்றால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். அதற்குப் பொதுவாக 6 மாதக் காலவரம்பு இருப்பதால் வழக்கறிஞரைத் தாமதமின்றிப் பாருங்கள். உங்கள் ஆட்சேபணையைப் பரிசீலிக்காமலே முடிவெடுத்திருந்தால் அங்கே அதுவே முதல் வாதமாகும். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

படி 8: மாற்றம் கிடைத்த பிறகும் கண் வைத்திருங்கள்

நிலப்பயன்பாடு மாறிவிட்டது என்பதற்காக மனை பிரித்து விற்றுவிட முடியாது. மனைப்பிரிவுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதற்குப் பொருந்தும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமென்றால், சாலைகள் போக எஞ்சியதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் உள்ள 12,150 சதுர மீட்டரில் சாலைகளுக்கு 3,150 போனால், எஞ்சுவது 9,000. அதில் 900 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட், ஊருக்குப் பூங்காவாக வர வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கி, அந்த 22 சென்ட் எந்த மூலையில் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றில் தேடுங்கள். பிறகு அதே நாடாவை எடுத்துக்கொண்டு போய், அந்த மூலையையும் வடக்கு எல்லையில் உள்ள கால்வாயின் அகலத்தையும் அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள்.