ரம்மிக் கையோடு பிரிட்ஜ் மேஜைக்கு

மதுரையில் ரம்மி ஆடிப் பழகிய பலர், பிரிட்ஜிலும் கைக்கு 13 சீட்டுதானே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ரம்மியில் கீழே போட்ட சீட்டு நம்மை விட்டுப் போய்விடும். டூப்ளிகேட் பிரிட்ஜில் ஆட்டம் முடியும்வரை அது நம் பொறுப்பு. அதே கையை அடுத்த மேஜைக்காரர்களும் ஆட வேண்டுமே.

நாலு திசைக்கும் ஒவ்வொரு பை வைத்த, சீட்டோடு மேஜை மாறும் தட்டுதான் போர்டு. அதிலிருந்து எடுத்ததும் விரித்துப் பார்க்காதீர்கள். கவிழ்த்தபடியே எண்ணுங்கள். 12, 14 என்று வந்தால் உடனே போட்டியை நடத்தும் டைரக்டரைக் கூப்பிடுங்கள், சுலபமாகச் சரியாகிவிடும். பார்த்தபின் சொன்னால் சிக்கல்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, ஜெயித்த நாலு சீட்டையும் வாரிச் சுருட்டுவது. ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தன் முன்னாலேயே கவிழ்க்க வேண்டும். நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட்டு முடியும் சுற்றுதான் ட்ரிக். நம் ஜோடி எடுத்த ட்ரிக் என்றால் பார்ட்னரை நோக்கி நீளவாக்கில், இழந்தது என்றால் குறுக்கே. ஆடிய வரிசையில், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல. கடைசியில் “எங்களுக்கு ஒன்பது”, “இல்லை, எட்டுதான்” என்று வழக்கு வந்தால் இந்த வரிசைதான் சாட்சி. இஸ்பேடு இறங்கிய சுற்றில் ஒருவர் கையில் இஸ்பேடு வைத்துக்கொண்டே வேறு இனம் போட்டிருந்தால் அதுவும் இதில்தான் பிடிபடும். அப்படிப் பிடிபட்டால் ஒன்றிரண்டு ட்ரிக் கைமாறவும் கூடும். கணக்கு ஒத்துப்போவதற்குள் சீட்டைக் கலைத்தவருக்கு வாதாட ஒன்றும் மிஞ்சாது. மே மாத வெக்கையில் ஃபேனுக்கு நேர் கீழே மேஜை போடுவதும் கிட்டத்தட்ட கலைப்பதுதான்!

முதல் சீட்டைக் கவிழ்த்தே போடுங்கள். பார்ட்னர் கேள்வி ஏதும் கேட்கட்டும், அப்புறம் திருப்பலாம். முறை தவறி இறக்கியிருந்தாலும் முகம் தெரியாததால் திரும்ப எடுக்க டைரக்டர் சொல்வார். டம்மியாக இருப்பவர், அதாவது தன் கையை மேஜையில் விரித்து வைப்பவர், துருப்பைத் தன் வலக்கைப் பக்கம் அடுக்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இரண்டு கையையும் ஆடும் அவர் பார்ட்னரான டிக்ளேரர் யோசிக்கும்போது ஒரு சீட்டின் மேல் விரல் வைப்பது யோசனை சொல்வதுதான். நம் ஆட்களுக்கு இது மட்டும் ரொம்பக் கஷ்டம்.

தன் முறை வருமுன் சீட்டை உருவிப் பிடிப்பது, ஜெயிக்கிற சீட்டை டப்பென்று அறைவது இரண்டும் வேண்டாம். ஜிகர்தண்டா டம்ளரைப் பிடித்த ஈரக்கையும் வேண்டாம்.

முடிந்ததும் உங்கள் 13-ஐ மட்டும் கலைத்து, எண்ணி, உங்கள் திசைப் பையில் செருகுங்கள். கலைக்காமல் வைத்தால், அடுத்து எடுப்பவருக்கு நீங்கள் ஆடிய வரிசை அப்படியே தெரிந்துவிடும்.