பிளஷுக்குக் காத்திருக்கும்போது

போக்கரில் பிளஷ் என்றால் ஒரே இனத்தில் ஐந்து கடுதாசி. கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்). மேசையில் விரிந்த நான்கு கடுதாசியிலும் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரு கடுதாசிதான் வரவேணும்; அதுவும் ஆட்டின் என்றால் பிளஷ். கல்லடியில் 304 என்ற கடுதாசி விளையாட்டை ஆடிப் பழகின எங்கட ஆக்கள் போக்கரில் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

தெரியாத 46 கடுதாசியில் 9 ஆட்டின். வாய்ப்பு 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் 1000 ரூபா கிடக்க எதிராளி 500 வைத்தால், 1500ஐப் பிடிக்க 500 கட்ட வேண்டும். கட்டினபின் மொத்தம் 2000, அதில் 500 உங்கட; அதற்கு 25 சதவீத வாய்ப்பு வேணும். கணக்கு உதைக்குது.

ஆனால் எதிராளி முன்னால் காசுக்குப் பதிலாகக் கிடக்கும் சிப்ஸ் வில்லைகளைப் பாருங்கள். கையில் உள்ள முழுவதையும் கட்டக்கூடிய நோ லிமிட் ஆட்டத்தில் அதுதான் விசயம். பிளஷ் விழுந்தபின் இன்னும் 600 ஆவது கட்டுவார் என்றால் தொடரலாம். 200தான் மிச்சமென்றால் கடுதாசியைப் போட்டுவிட்டு விலகுங்கள்.

ஆட்டின் விழுந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்காதீர்கள். நான் அப்படித்தான் ஒவ்வொரு முறையும் பிடிபட்டேன்.