எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) தண்ணில இஎஸ்பிஎல் ஈ.கோலையை எண்ணுறது எப்படி

கழிவுநீர்ல ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்னு எம்எஸ்சி ப்ராஜெக்ட் எடுக்குற நிறைய பேர் அவுட்லெட்ல ஒரு பாட்டில் புடிச்சு, கைக்கு வந்த காலனிய எடுத்து ஆன்டிபயாடிக் டிஸ்க் வச்சு, "இத்தனை சதவீதம் ரெசிஸ்டன்ட்"னு எழுதி முடிச்சிடறாங்க. அத வச்சு அந்த பிளான்ட் எதைத் தடுக்குது, எதை வெளிய விடுதுன்னு ஒண்ணுமே சொல்ல முடியாது. டபிள்யூஹெச்ஓ 2021ல வெளியிட்ட ட்ரைசைக்கிள் புரோட்டோகால் வழி இதைவிட ரொம்ப நேரானது: ஒரே சாம்பிள்ல குடல்ல வாழுற ஈ.கோலை பாக்டீரியா மொத்தத்தையும் எண்ணணும், அதுல இஎஸ்பிஎல், அதாவது செஃபோடாக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக்க உடைக்கிற என்சைம் வச்சிருக்குறது, எத்தனைன்னும் எண்ணணும். பிசிஆர் மெஷின் இல்லாத காலேஜ் லேப்லயே பண்ணலாம்.

சாம்பிள் எடுக்கப் போறதுக்கு முன்னாடி, தண்ணி உள்ள எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு பிளான்ட் ஆபரேட்டர்கிட்ட கேளுங்க, ஏன்னா காலைல இன்லெட்ல எடுத்த தண்ணிக்கும் பத்து நிமிஷம் கழிச்சு அவுட்லெட்ல எடுத்த தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. மழை பெஞ்சா நோட்ல எழுதிக்கோங்க. குளோரின் போட்ட அவுட்லெட்டா இருந்தா 120 மில்லி பாட்டில்ல 10 சதவீத சோடியம் தயோசல்பேட் 0.1 மில்லி முன்னாடியே போட்டு ஆட்டோகிளேவ் பண்ணிடணும். இதை நிறைய பேர் விட்டுடறாங்க, அப்புறம் பாட்டிலுக்குள்ளயே குளோரின் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும், லேப்புக்கு வர்றதுக்குள்ள பாக்டீரியா செத்துப்போய் பிளான்ட் பிரமாதமா ஓடுற மாதிரி ரிசல்ட் வரும். ஐஸ் பாக்ஸ்ல வச்சு அன்னிக்கே பிளேட் போடுங்க. ஏரேஷன் டேங்க் பக்கத்துல சாரல் அடிக்கும், மாஸ்க், கிளவுஸ், கண்ணாடி மூணும் வேணும்.

மீடியாவுக்கு, ஈ.கோலைய நிறத்துல காட்டிக்குடுக்குற டிபிஎக்ஸ் அகர் ரெண்டு செட். ஒண்ணு வெறும் டிபிஎக்ஸ், இன்னொண்ணுல லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சிம். அகர் 50 டிகிரி கிட்ட ஆறின பிறகுதான் மருந்த சேக்கணும், சூட்டுல போட்டா வீணாயிடும். செஃபோடாக்சிம் பென்சிலினுக்குச் சொந்தக்கார மருந்து, அதனால பென்சிலின் அலர்ஜி இருக்குறவங்க பவுடர நிறுக்க வேணாம், வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. ரெசிஸ்டன்ஸ் இல்லாத கன்ட்ரோல் ஈ.கோலையான ஏடிசிசி 25922 மருந்து பிளேட்ல வளரவே கூடாது, வளந்தா அந்த பேட்ச தூக்கிப் போட்டுட்டு புதுசா பண்ணுங்க.

இன்லெட் தண்ணிய பத்து பத்து மடங்கா டைல்யூட் பண்ணி 0.1 மில்லி பரப்பினா போதும், அவுட்லெட்ல எண்ணிக்கை கம்மியா இருந்தா 0.45 மைக்ரான் மெம்பரேன்ல வடிகட்டி அந்த மெம்பரேன பிளேட் மேல வைங்க. 35லேர்ந்து 37 டிகிரி, 18லேர்ந்து 24 மணி நேரம். நீலப்பச்சை காலனிதான் ஈ.கோலை, சந்தேகம் தீர சிலதுக்கு இண்டோல் டெஸ்ட்டும் பாத்துடுங்க.

மருந்து பிளேட்ல வந்ததெல்லாம் இஎஸ்பிஎல்னு எழுதிடாதீங்க. முல்லர் ஹின்டன் அகர்ல செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம் டிஸ்க் ரெண்டையும் கிளாவுலனேட்டோட (இஎஸ்பிஎல் என்சைம தடுக்குற மருந்து) ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு வைங்க, ஏதாவது ஒரு ஜோடில கிளாவுலனேட் இருக்குற பக்கம் வட்டம் 5 மில்லிமீட்டராவது பெருசா வந்தா இஎஸ்பிஎல். பெருசாகலன்னா நெகட்டிவ்னு ஒதுக்காம மெரோபெனெம் டிஸ்க் வச்சுப் பாருங்க, மெரோபெனெம் மாதிரி மருந்தையும் உடைக்கிற கார்பபெனிமேஸ் என்சைம் வச்சிருக்குற பாக்டீரியா இப்படித்தான் ஒளிஞ்சுக்கும். 2011ல வெளியான டெல்லி ஆய்வுல தெருவுல தேங்கின தண்ணி 171 சாம்பிள்ல 51ல, குழாய்த் தண்ணி 50ல 2ல, அந்த மாதிரி ஒரு கார்பபெனிமேஸான என்டிஎம்-1 ஜீன் இருந்துச்சு, அதனால நம்ம ஊர் சாக்கடைல இருக்காதுன்னு நினைக்கவே வேணாம்.

கணக்கு எழுதும்போது "99 சதவீதம் குறைஞ்சுது"ன்னு மட்டும் எழுதுறது எனக்கு சுத்தமா புடிக்காது. உதாரணத்துக்கு இன்லெட்ல 100 மில்லிக்கு 1 கோடி ஈ.கோலைன்னா, 99 சதவீதம் போயும் 1 லட்சம் மிச்சம், அதுல அஞ்சுல ஒண்ணு இஎஸ்பிஎல்னா 20,000 ஆத்துல கலக்குது. அதனால இன்லெட், அவுட்லெட் ரெண்டுக்கும் 100 மில்லிக்கு எண்ணிக்கையும் போடுங்க, மொத்தத்துல இஎஸ்பிஎல் விகிதமும் போடுங்க, எண்ணிக்கை இறங்கியும் விகிதம் ஏறியிருக்கலாம். குளோரின்ல செல் செத்தாலும் ஜீன் தண்ணில மிச்சம் இருக்கலாம், பிளேட் அதக் காட்டாது, இதையும் ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதிடுங்க.

முடிஞ்ச பிளேட்டெல்லாம் 121 டிகிரில ஆட்டோகிளேவ் பண்ணிட்டுதான் வெளிய போகணும், மிச்சமான செஃபோடாக்சிம் கரைசல சிங்க்ல ஊத்தாம லேப்போட கெமிக்கல் கழிவுல குடுங்க. ரிசல்ட்டோட ஒரு காப்பிய ஆபரேட்டர்கிட்டயும் குடுங்க, குளோரின் டோஸ மாத்துறது அவர்தான்.